வெங்காய வழியும் அநாமதேயமும்

பெயரில்லாக் கடிதத்திற்கு எம்மவரிடையே நற்பெயர் இல்லை. மொட்டைக் கடிதம் என்றும் பெட்டிசம் என்றும் வழங்கும் அதனை எழுதியவன் கோழை என்றோ வஞ்சகன் என்றோ கருதப்படுவான். ஆயின் பெயரை மறைத்து எழுதுவோர் யாவரும் அத்தகையரல்லர். மேலதிகாரியின் ஊழலைக் கண்ணாற் கண்ட எழுதுவினைஞன், வெளியிற் சொல்லக் கூசும் நோயைப்பற்றி அறிய விழையும் பெண், செய்தி தந்தவரின் உயிருக்குப் பொறுப்பாளியாகிய பத்திரிகையாளன் ஆகியோரும் பெயரை மறைக்க வேண்டியவர்களே. இவர்கள் தபாற் பெட்டியை நாடிய காலம் போய், இணையத்தை நாடும் காலம் வந்துள்ளது. கடிதத்தை இட்டவர் யாரென்பதைத் தபாற் பெட்டி அறியாது. இணையமோ அறியும். இவ்வேற்றுமை சிறிதன்று.

இணையத்திற் செல்லும் செய்தி முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகக் கூறுபட்டுச் செல்லும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்பும் கணினியின் முகவரியும் பெறும் கணினியின் முகவரியும் எண்களாற் பொறிக்கப்பட்டிருக்கும். முகவரியில்லையேற் பொதி போய்ச் சேராது. விடையும் திரும்பி வராது. ஆகவே வழியிலுள்ள நிலையங்களும், சிறப்பாக எமக்கு இணைப்பு வழங்கும் கம்பனியும், யார் யாருடன் எப்பொழுது எவ்வளவு நேரம் தொடர்பு கொண்டார் என்பதை அறிய முடியும். உள்ளடக்கத்தைக் குறிமறைத்து அனுப்பினால் இக்குறை தீருமென்பர் சிலர். தீராது. ஒருவர் நள்ளிரவிற் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றின் தளத்தை அரைமணி நேரம் நோக்கி, மறுநாள் ஆயுட் காப்புறுதிக் கம்பனியின் தளத்தையும், அதற்கு மறுநாள் மரணசாசனம் எழுதும் நொத்தாரிசின் தளத்தையும் நாடுவாராயின், அவர் எழுதிய ஒரு சொல்லையேனும் வாசியாமலே அவர் நிலையை ஊகித்துவிடலாம். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டினாலும் உறையின் மேலெழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியுமன்றோ? ஈண்டு மறைக்க வேண்டியது அம்மேலெழுத்தையே.

இதற்கு முதலில் எவர்க்கும் தோன்றும் உபாயம் இடையாள் ஒருவனை வைத்துக்கொள்ளுதல். எமது கடிதத்தை அவனிடம் கொடுக்க, அவன் எமது பெயரை நீக்கித் தன் பெயரால் அனுப்புவான். பின்லாந்து நாட்டில் யொகான் ஹெல்சிங்கியஸ் என்பார் 1993 இல் இத்தகைய மின்னஞ்சற் சேவையொன்றைத் தொடங்கினார். அவர் நேர்மையாளர், பணம் கருதாது அதனை நடத்தினார். ஆயினும் எந்தப் புனைபெயர் எந்த மெய்ப்பெயருக்கு உரியது என்னும் அட்டவணை அவரது கணினியில் இருந்தது. 1995 இல் ஒரு மத நிறுவனத்தின் முறைப்பாட்டின்மேற் காவற்றுறையினர் வந்து கேட்டபொழுது ஒருவரின் முகவரியை அவர் வெளியிட நேர்ந்தது. 1996 இல் மீண்டும் அவ்வாறான நெருக்கடி ஏற்படவே சேவையை மூடிவிட்டார். ஹெல்சிங்கியசின் குணத்தில் இங்குக் குறையில்லை. இரகசியம் முழுவதும் ஒரு கையில் இருந்தமையே குறை. நல்லவன் கையிலிருப்பினும் வல்லவன் வந்து பறிப்பான்.

இக்காலத்தில் வி.பி.என். என வழங்கும் சேவைகளும் இவ்வகையினவே. இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரிலில் உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்பிரில் 3 ஆம் திகதியும் சமூக வலைத்தளங்கள் தடுக்கப்பட்டபொழுது, எம்மிற் பலர் அவற்றைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டனர். தடையைத் தாண்ட அவை உதவின என்பது மெய்யே. ஆனால் தமது போக்குவரத்து முழுவதையும் முன்பின் அறியாத கம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கின்றோம் என்பதைச் சிந்தித்தவர் சிலர். தடை தாண்டுதல் வேறு, அநாமதேயம் வேறு.

இடையாளின் நேர்மையில் முற்றாகத் தங்கியிராத முறையொன்று உண்டோ என்னும் வினாவுக்கு 1981 இல் விடை கண்டவர் டேவிட் சௌம் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. இடையாட்கள் பலரை வரிசையாக வைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் உறையாகக் கடிதத்தைப் பல உறைகளில் இடுவது அவர் கண்ட முறை. ஒவ்வொரு நிலையமும் தனக்குரிய உறையை மாத்திரம் பிரிக்க வல்லது. அன்றியும், வந்த கடிதத்தை வந்தவுடன் அனுப்பாது, பல கடிதங்கள் சேருமட்டும் காத்திருந்து, சீட்டுக்கட்டைக் குலைப்பதுபோற் குலைத்த பின்னரே அது வெளிவிடும். ஆகலின் உட்சென்ற கடிதம் வெளிவந்த கடிதங்களுள் எது என்பதைப் புறத்தே நிற்பவன் அறியான். வரிசையில் ஒரு நிலையம் நேர்மையாக இருப்பினும் போதும், தொடர்பு அறுந்துவிடும். இம்முறை மிக அழகியது. ஆனால் காத்திருத்தல் இதன் உயிர்நிலை. கடிதம் மூன்று மணி நேரம் தாமதித்தாற் குற்றமில்லை. ஒரு வலைப்பக்கத்தைத் திறக்க மூன்று மணி நேரம் காத்திருப்பார் எவருமில்லை.

1995 அளவில் வாசிங்டனிலுள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் டேவிட் கோல்ட்சிலாக், மைக்கல் றீட், போல் சைவர்சன் என்னும் மூவர் இவ்விடர்ப்பாட்டை ஆராயத் தொடங்கினர். சௌம் வகுத்த உறைகளை வைத்துக்கொண்டு, குலைத்தலையும் காத்திருத்தலையும் அவர்கள் கைவிட்டனர். உறைக்குள் உறையாக அமைந்த செய்தியை அவர்கள் வெங்காயத்துக்கு ஒப்பிட்டமையால் வெங்காய வழிப்படுத்தல் என்னும் பெயர் வந்தது. 1996 இல் இதுபற்றிய கட்டுரையை வெளியிட்டனர். யாழ்ப்பாணத்தார்க்கு உவமையை விளக்க வேண்டியதில்லை. எனினும் உவமையின் எல்லையைக் குறித்தல் நன்று. எமது தோட்டத்து வெங்காயம் உரிக்க உரிக்கச் சிறிதாகும். இவ்வெங்காயம் அவ்வாறு சிறுத்தலாகாது. சிறுத்தால், உறையின் பருமனைக் கொண்டே அது பயணத்தின் எக்கட்டத்தில் உள்ளது என்பதை ஒற்றன் கணித்துவிடுவான். ஆகையாற் செய்தி யாவும் ஒரே அளவான கலங்களாக வெட்டப்படுகின்றன. தொடக்கத்தில் ஒரு கலத்தின் அளவு 512 பைற்று. பின்னர் 514 ஆயிற்று. ஒரு சொல்லை அனுப்பினும் கலம் நிறைய வெற்றெழுத்துப் பெய்து அனுப்பப்படும்.

இன்று இம்முறையிற் புகழ்பெற்று விளங்கும் மென்பொருள் ‘ரோர்’ என்பது. வெங்காய வழிப்படுத்தி என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களாலாயது அப்பெயர். றொஜர் டிங்கிள்டைன், நிக் மத்தியூசன் ஆகிய இருவரும் சைவர்சனுடன் கூடி அமைத்த இது 2002 ஒக்ரோபரில் இயங்கத் தொடங்கியது. அதன் அமைப்பை விளக்கும் கட்டுரை 2004 இல் வெளிவந்தது. 2006 இலிருந்து இலாபநோக்கற்ற தாபனம் ஒன்று இதனைப் பேணி வருகின்றது.

படைத்துறையினர் தாம் கண்ட கருவியை உலகுக்கு ஏன் வழங்கினர் என்று வாசகர் ஐயுறலாம். காரணம் தருமசிந்தை மாத்திரமன்று. கடற்படையினர் மாத்திரமே பயன்படுத்தும் மறைவழி ஒன்று இருப்பின், அவ்வழியால் வருபவன் எவனும் கடற்படையினன் என்பது வெளிப்படை. முகமூடி அணிந்தவன் ஊரில் ஒருவனேயானால் அம்முகமூடியே அவனுக்கு அடையாளமாகும். மாணவரும் வணிகரும் நோயாளரும் பத்திரிகையாளரும், ஏன், எதிரி நாட்டவரும் அவ்வழியிற் கலந்தாலொழியக் கடற்படையினனுக்கு மறைவில்லை. அநாமதேயம் என்பது ஒருவர் தனித்து ஈட்டக்கூடிய பொருளன்று என்னும் இவ்வுண்மையே இத்துறையின் நடுநாயகம் என்பது எமது துணிபு. குறிமறைத்தலுக்கு இருவர் போதும். அநாமதேயத்துக்குக் கூட்டம் வேண்டும்.

இனி, வழி அமையுமாற்றைக் காண்போம். உலகெங்கும் தொண்டர்கள் தம் செலவில் நடத்தும் நிலையங்கள் பல்லாயிரம் உள. பயனாளரின் கணினியிலுள்ள மென்பொருள் அவற்றுள் மூன்றைத் தானே தெரிந்துகொள்ளும். அவற்றை முதனிலையம், இடைநிலையம், கடைநிலையம் எனக் கொள்வோம். மென்பொருள் முதற்கண் முதனிலையத்துடன் ஒரு திறவுகோலை உடன்பட்டு ஏற்படுத்திக்கொள்ளும். இருவர் எல்லோரும் கேட்கப் பேசியும், கேட்போர் அறியாத பொதுத் திறவுகோல் ஒன்றை ஆக்கிக்கொள்ளும் கணித உபாயம் 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்போரால் வெளியிடப்பட்டது; அதுவே ஈண்டுப் பயன்படுகின்றது. அதன்பின் முதனிலையத்தை நோக்கி, இவ்வழியை இடைநிலையம் மட்டும் நீட்டுக எனக் கேட்டு, அதனூடாக இடைநிலையத்துடன் இரண்டாந் திறவுகோலை ஆக்கும். திறவுகோல் கோரும் அம்முயற்சியும் முதனிலையத்தின் ஊடாகவே செல்வதால், கேட்பவர் யாரென்பது இடைநிலையத்துக்குத் தெரியாது. அவ்வாறே கடைநிலையத்துடன் மூன்றாவது. தூரதிரிசனக் குழாயை ஒவ்வோர் அடுக்காக வெளியே இழுத்து நீட்டுவதை இதற்கு உவமையாகக் கூறுவர்.

திறவுகோல்கள் மூன்றும் கைவந்தபின், செய்தியைக் கடைநிலையத்தின் திறவுகோலால் முதலிற் பூட்டி, அதன்மேல் இடைநிலையத்தினதால் ஒருமுறையும், அதன்மேல் முதனிலையத்தினதால் ஒருமுறையும் பூட்டி அனுப்புவர். முதனிலையம் ஒரு பூட்டைத் திறந்து, உள்ளே பொருளற்ற எழுத்துக் குவியலைக் கண்டு, அதனை இடைநிலையத்துக்கு அனுப்பும். இடைநிலையமும் அவ்வாறே செய்யும். கடைநிலையம் மூன்றாவது பூட்டைத் திறந்து, செய்தி போகவேண்டிய தளத்துக்கு அதனைச் சேர்க்கும். விடை திரும்புங்கால் ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு பூட்டாக இட்டுக்கொண்டு வர, பயனாளர் மூன்றையும் திறந்து வாசிப்பார். இதன் பயன் யாது? முதனிலையம் பயனாளரை அறியும். அவர் நாடும் தளத்தை அறியாது. கடைநிலையம் தளத்தை அறியும், பயனாளரை அறியாது. இடைநிலையம் தன் இரு பக்கத்து நிலையங்களை அறியுமேயன்றி வேறொன்றையும் அறியாது. ஒற்றரை ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆள்க என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறியதும், அங்கும் மூவரே பேசப்படுவதும் நினைவுக்கு வருகின்றன. அவர் அதனைச் செய்தியின் மெய்ம்மை காண்டற்குக் கூறினார். இவர்கள் செய்தியை அனுப்பியவனைக் காவாமற் காப்பதற்கு ஆள்கின்றனர். நோக்கம் மாறினும் உத்தி ஒன்றே.

நிலையம் இரண்டாயிருப்பின் முதலும் கடையும் ஒன்றையொன்று நேரே அறிந்துவிடும். ஒன்றைப் பிடித்தவன் மற்றதையும் தேடிப் பிடிப்பான். நான்கு ஐந்து எனக் கூட்டுவதால் வேகம் குறையுமேயன்றிக் காப்பு அந்த அளவுக்கு உயராது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்க.

கடற்படை ஆய்வுகூடத்தின் முதல் அமைப்பில் வெங்காயம் முழுவதையும் பயனாளர் ஒரே தடவையில் ஆக்கி, ஒவ்வொரு நிலையத்தினதும் நிலையான திறவுகோலாற் பூட்டி அனுப்பினார். அதில் ஓர் இடர் இருந்தது. ஒற்றன் ஒருவன் பொதிகளை இன்று பதிவுசெய்து வைத்துக்கொண்டு, ஓராண்டு கழித்து நிலையங்களைக் கைப்பற்றித் திறவுகோல்களைப் பெறுவானாயின், ஓராண்டுக்கு முந்திய இரகசியம் வெளிப்படும். ரோர் ஒவ்வொரு வழிக்கும் புதுத் திறவுகோலை ஆக்கி, வழி முடிந்ததும் அதனை அழித்துவிடுகின்றது. நாளை நிலையத்தை நடத்துபவர் சிறைப்பட்டாலும் நேற்றைய உரையாடலைக் காட்டிக்கொடுக்க அவரால் இயலாது. ஹெல்சிங்கியசுக்கு நேர்ந்த இக்கட்டு இவருக்கு நேராது. கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

நிலையங்களைத் தெரிதலிலும் நுட்பம் உண்டு. நிலையங்களின் பட்டியலை ஒருவரே வெளியிட்டால் அவர் தம் கையாட்களை மாத்திரம் பட்டியலிற் சேர்க்கலாம். ஆகவே பத்துக்குக் குறைந்த எண்ணிக்கையான நம்பிக்கைக் கணினிகள், வெவ்வேறு ஆட்களாற் பேணப்படுபவை, மணிக்கொருதரம் வாக்களித்துப் பெரும்பான்மையாற் பட்டியலை முடிவுசெய்கின்றன. நம்பிக்கையை முற்றாக ஒழிக்க இயலவில்லை. அதனைப் பலருக்குப் பங்கிட்டுள்ளனர். அடுத்து, நிலையங்களுள் நூற்றுக்குப் பத்து ஒற்றனுடையவை என வைத்துக்கொள்வோம். ஒரு வழியில் முதலும் கடையும் ஒருங்கே அவன் கையிற் சிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. இது சிறிதென மகிழற்க. ஒவ்வொரு முறையும் புதிய நிலையங்களைத் தெரிவோமாயின், நூறு வழிகளுள் ஒன்றிலேனும் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 63 ஆகும். மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். இதற்குப் பரிகாரமாக ரோர், முதனிலையத்தை மாத்திரம் அடிக்கடி மாற்றாது, பல மாதங்களுக்கு ஒன்றையே காவலாகக் கொள்கின்றது. காவல் நல்லதாயமைந்த நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அக்காலம் முழுவதும் தப்புவர். எஞ்சிய பதின்மர் பாடு கெடுதியே. எல்லோரையும் சிறிது சிறிதாகக் காட்டிக்கொடுப்பதிலும் இது மேல் எனக் கண்டனர். உண்மையில் வேகம் மிக்க நிலையங்களே மிகுதியாகத் தெரியப்படுவதாற் கணக்கு இதனிலும் சிக்கலானது.

இவ்வளவு செய்தும் காப்பு முழுமையன்று. கடைநிலையத்திலிருந்து தளம்வரை செல்லும் பொதிக்கு வெங்காயத் தோல் இல்லை. தளமும் பயனாளரும் தமக்குள் தனியே குறிமறைத்தாலொழியக் கடைநிலையத்தை நடத்துபவன் அதனை வாசிப்பான். 2007 இல் சுவீடன் தேசத்து டான் எகர்ஸ்டாட் என்பார் சில கடைநிலையங்களை நடத்தி, பல நாடுகளின் தூதரகங்களுக்குரிய மின்னஞ்சற் கடவுச்சொற்களைப் பெற்று வெளியிட்டார். ரோரின் பூட்டு எதையும் அவர் உடைக்கவில்லை. பூட்டாத கதவைக் கண்டு உள்ளே நோக்கினார், அவ்வளவே. முகத்தை மறைக்கும் கருவி சொல்லையும் மறைக்கும் என மயங்கியோர் அப்பயனாளர்.

2013 டிசெம்பரில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது ஆசிரியர்களுக்குச் சுவை பயப்பது. பரீட்சைக்கு அஞ்சிய மாணவன் ஒருவன், கட்டடங்களிற் குண்டு வைக்கப்பட்டுள்ளதெனப் பொய்மின்னஞ்சல் விடுத்தான். அதனை ரோர் வழியாகவே விடுத்தான். மின்னஞ்சல் அவ்வழியால் வந்தது என்பது தெரிந்தது. யார் என்பது தெரியவில்லை. ஆனால் அவன் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிலிருந்தே ரோரை நாடியிருந்தான். அந்நேரத்தையொட்டி அவ்வலையமைப்பில் ரோரைப் பயன்படுத்தியோர் யாவர் எனப் பதிவேட்டைப் புரட்டினர். அகப்பட்டான். கூட்டம் இல்லாத இடத்தில் முகமூடி அணிந்தான் என்க.

முன்னர் நிறுத்திய காரணத்துக்கு வருவோம். சௌமின் குலைத்தலைக் கைவிட்டதன் விலை இதுவே: பயனாளர் பக்கத்தையும் தளத்தின் பக்கத்தையும் ஒருங்கே நோக்கவல்ல பேரொற்றன் ஒருவன், இங்கு இத்தனை கலங்கள் இத்தனை இடைவெளியிற் புகுந்தன, அங்கு அவ்வாறே வெளிவந்தன என நேரத்தை ஒப்பிட்டுத் தொடர்பை அறியலாம். நடுவே பத்து நிலையம் இருந்தாலும் இவ்வொப்பீட்டைத் தடுக்கா. இதனை அமைத்தோர் 2004 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே ஒளியாது கூறிவிட்டனர். தம் பொருளின் குறையைத் தாமே முதலில் எழுதிவைப்பது விற்பனையாளர் வழக்கமன்று, ஆய்வாளர் வழக்கம்.

வழியை அமைத்தல் பாதி வேலையே. பயனாளரின் உலாவி அவரைக் காட்டிக்கொடுத்தால் வழியாற் பயனில்லை. தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும்படி சில மென்பொருள்கள் வழக்கமான பாதையிலேயே வினவிவிடும். அவ்வொரு வினா எல்லாவற்றையும் கெடுக்கும. திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேரவலயம் ஆகியவற்றைச் சேர்த்தாற் பெருங்கூட்டத்துள் ஒருவரைப் பெரும்பாலும் பிரித்தறியலாம். ஆகவே ரோர் உலாவி, பயர்பொக்ஸ் உலாவியை அடிப்படையாகக் கொண்டு, எல்லோரும் ஒருவர்போலவே தோன்றுமாறு அமைக்கப்பட்டுள்ளது. சாளரத்தின் அளவைக்கூடக் குறித்த சில அளவுகளுக்கு அடக்கிவிடும். தன் உலாவியை விருப்பம்போல் அலங்கரிப்பவன் கூட்டத்திலிருந்து வெளியேறுகின்றான்.

அரசுகள் இதனைத் தடுக்க முயல்வதும், அமைத்தோர் தாண்ட முயல்வதும் தொடர்கதை. 2011 செப்ரெம்பரில் ஈரான் ரோரை ஒரே நாளிற் கண்டறிந்து தடுத்தது. எவ்வாறு? வங்கி முதலிய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஓராண்டு அளவுக்குச் செல்லுபடியாகும். ரோர் நிலையங்களின் சான்றிதழோ இரண்டு மணி நேரத்துக்கே எழுதப்பட்டிருந்தது. அச்சிறு வேற்றுமையே காட்டிக்கொடுத்தது. சான்றிதழில் நீண்ட காலத்தை எழுதி, அன்றைக்கே திருத்தத்தை வெளியிட்டனர். சீனாவின் முறை இதனிலும் கூரியது. ஐயத்துக்குரிய முகவரி ஒன்றைக் காணின், அரசின் கணினியே பயனாளர் வேடம் பூண்டு அங்குச் சென்று தட்டிப் பார்க்கும். ரோர் விடையிறுத்தால் அம்முகவரி தடுக்கப்படும். இதற்கு மாற்றாகப் பட்டியலில் இடம்பெறாத பால நிலையங்களை அமைத்து, இரகசியக் குறி ஒன்றைச் சொல்லாதவனுக்கு அவை வாய் திறவாவண்ணம் செய்துள்ளனர். 2021 டிசெம்பரில் இரசியாவும் தடையை விதித்தது.

தீயோரும் இவ்வழியைப் பயன்படுத்துவர் என்பதை மறைத்தற்கில்லை. தளமே தன் இருப்பிடத்தை மறைத்து இயங்கவும் ரோரில் வழியுண்டு. பயனாளரும் தளமும் தத்தம் வழியால் வந்து நடுவில் ஒரு நிலையத்திற் சந்திப்பர். அவ்வாறு 2011 இல் எழுந்த ‘சில்க் றோட்’ என்னும் போதைப்பொருட் சந்தை 2013 இல் மூடப்பட்டது. அதனை நடத்தியவனை அடையாளங் காண்பதற்குப் பெரிதும் உதவியது, தொடக்க நாட்களில் அவன் பொது அறிவித்தல் ஒன்றில் விட்டுச்சென்ற தன் சொந்த மின்னஞ்சல் முகவரி. அதே முறையிலேயே பேஸ்புக் 2014 இலும், பி.பி.சி. 2019 இலும் தமக்கு வெங்காய முகவரிகளை அமைத்தன. தணிக்கையுள்ள நாட்டிலிருப்போர் அவற்றினூடே செய்தி வாசிக்கின்றனர். களவு செய்பவன் கையிலும் காவற்காரன் கையிலும் ஒரே இருள் பயன்படுகின்றது. வழியை நடத்துவோர் இன்னார் செல்க, இன்னார் செல்லற்க என விலக்கும் ஆற்றலைத் தாமே துறந்துள்ளனர். அவ்வாற்றல் அவர்கள் கையில் இருப்பின், அதனைப் பறிக்க வருபவனும் இருப்பான். இவ்விலை பெரிது என்போரை யான் குறைகூறேன். எனினும் ஊழலைக் கண்ட அவ்வெழுதுவினைஞனுக்கு வேறு என்ன வழி காட்டுவது என்பதை அவர்கள் சொல்லவேண்டும்.

நேர ஒப்பீட்டை முறியடிப்பது இன்னும் முடிவுறாத வேலை. செய்தி இல்லாதபொழுதும் போலிக் கலங்களை அனுப்பிக்கொண்டிருத்தல் ஓர் உபாயம். ரோர் அதனைச் சிறிதளவு கையாளுகின்றது. எப்பொழுதும் எல்லோரும் அவ்வாறு அனுப்புவதாயின் தொண்டர்களின் நிலையங்கள் அப்பாரத்தைத் தாங்கா, வேகம் குன்றும், வேகம் குன்றப் பயனாளர் குறைவர், பயனாளர் குறையக் கூட்டம் கலையும். எவ்வளவு போலி, எவ்வளவு வேகம் என்னும் அளவைத் துணிவதிலேயே இன்றைய ஆய்வாளர் ஈடுபட்டுள்ளனர். கணிதமும் கணினியியலும் பயிலும் எம் மாணவருக்கு இங்கு இடமுண்டு. மென்பொருளின் நிரல் முழுவதும் எவரும் வாசிக்கத் திறந்தே கிடக்கின்றது.